விளக்குமாறு கேட்கும் அளவுக்கு ஓர் அமைதி: நீல் யங்கின் 'ஹார்வெஸ்ட் மூன்'

ஒரு சின்னப் பரீட்சையோடு தொடங்குவோம். நீல் யங்கின் 'ஹார்வெஸ்ட் மூன்' பாட்டைப் போடுங்கள். குரலையும் கிற்றாரையும் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, தாளத்தோடு சேர்ந்து பின்னால் வருகிற அந்த 'ஸ்ஸ்... ஸ்ஸ்...' என்ற சத்தத்தை மட்டும் கவனியுங்கள். என்ன அது?

எங்கள் குழுவில் நாலைந்து பேர் சேர்ந்திருந்து கேட்டபோது ஒருவர், டிரம்ஸில் பிரஷ் போடுகிறார்கள் என்றார். இன்னொருவர், ஏதோ குலுக்குகிற வாத்தியம் என்றார். "ஸ்பீக்கர் பழுது போல" எண்டு ஒருத்தர் பகிடி விட்டார். மூன்றும் பிழை. அது விளக்குமாறு. நீல் யங்கின் கிற்றார்களைப் பராமரிக்கிற லரி க்ராக் என்பவர் தாளத்துக்கு ஏற்றபடி நிலத்தைக் கூட்டுகிறார். அந்தச் சத்தம்தான் பாட்டு முழுக்க வருகிறது.

இதில் எங்களை யோசிக்க வைத்தது விளக்குமாறு இல்லை. விளக்குமாறு கேட்கிற அளவுக்கு அந்தப் பாட்டு அமைதியாக இருக்கிறதே, அதுதான். ஏனென்றால் இந்தப் பாட்டு வெளிவந்தது 1992இல். அதற்கு முதல் வருசம் இதே மனிதர், மின் கிற்றாரின் இரைச்சலை மட்டும் தொகுத்து 35 நிமிட இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டிருந்தார். ஒரு வருசத்துக்குள் என்ன நடந்தது?

எங்களில் ஒருவர் பாட்டு முடிந்ததும் கேட்டார்: "இது மாமாமார் வயசுபோன நேரத்தில கேக்கிற பாட்டெல்லோ? கத்திக் களைச்ச ஆள் கடைசியா ஓய்வெடுக்கிறார். அவ்வளவுதானே?"

நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரை அதற்கு நாங்கள் தேடிய பதில். அந்தப் பதிலுக்கு 1992இலிருந்து கனதூரம் பின்னால் போகவேண்டும்.

போலியோ வந்த பெடியன்

நீல் யங் 1945 நவம்பரில் ரொறன்ரோவில் பிறந்தவர். எங்களில் பலருடைய சித்தப்பாவோ மாமியோ இன்று இருக்கிற அதே ரொறன்ரோதான்; ஆனால் அது வேறொரு காலத்து ரொறன்ரோ. அப்பா ஸ்கொட் யங் பத்திரிகையாளர், விளையாட்டுச் செய்திகளால் கனடா முழுக்க அறியப்பட்டவர், நாவல்களும் எழுதியவர். குடும்பம் ஒமெமி என்ற சிறிய ஊரில் இருந்தபோது, 1951இல், ஐந்து வயதில் நீலுக்குப் போலியோ வந்தது. தடுப்பூசி பாவனைக்கு வந்தது 1955இல். அதற்கு முன்பு ஒவ்வொரு கோடைகாலமும் வட அமெரிக்கப் பெற்றோருக்குப் பயத்தின் காலம். நீல் பிழைத்துக்கொண்டார். ஆனால் உடம்பின் இடப்பக்கம் கொஞ்சம் பலவீனமாகவே இருந்துவிட்டது.

இந்த நோயை ஒரு பரிதாபக் கதையாக நாங்கள் சொல்ல வரவில்லை. இவருடைய வாழ்க்கையில் உடம்பு வந்து வழி மறித்த முதல் தடவை இது. இன்னும் இரண்டு தடவை வரும். அந்த இரண்டு தடவையும் ஒவ்வொரு அல்பம் பிறக்கும்.

பிறகு அப்பாவும் அம்மாவும் பிரிந்தார்கள். அம்மாவோடு வின்னிபெக்குக்குப் போனார். முதல் வாத்தியம் ஒரு பிளாஸ்ரிக் யுகலேலி. பள்ளிக்கூடக் காலத்தில் 'ஸ்குவயர்ஸ்' என்ற குழு. வாத்தியங்களை ஏற்றி இறக்க வசதியாக இருக்குமென்று இவர் வாங்கி ஓடியது பிரேதம் ஏற்றும் வாகனம். 1966இல் அப்படியொரு வாகனத்தில்தான் கனடாவிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸுக்குப் போனார். அங்கே வீதி நெரிசலில், ஒன்ராறியோ இலக்கத்தகட்டோடு நின்ற பிரேத வாகனத்தைக் கண்டு, முன்பே அறிமுகமான ஸ்டீபன் ஸ்டில்ஸ் இவரை அடையாளம் கண்டுகொண்டார். 'பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட்' என்ற குழு அப்படித்தான் பிறந்தது.

அது 'போக்-ரொக்' என்ற வகை சூடாக இருந்த காலம். கிராமியப் பாடல் மரபின் கதைசொல்லலையும் சாதாரண மெட்டையும் எடுத்து, அதில் ரொக் இசையின் மின் கிற்றாரையும் டிரம்ஸையும் சேர்ப்பதுதான் இந்த வகை. 1965இல் பொப் டிலன் நியூபோர்ட் நாட்டாரிசை விழாவில் மின் கிற்றாரோடு மேடையேறியபோது பெரிய சலசலப்பே வந்தது. மின் இணைப்பில்லாத கிற்றார் என்றால் உண்மை, மின் கிற்றார் என்றால் வியாபாரம் என்று நினைத்த ஒரு கூட்டம் அப்போது இருந்தது. நீல் யங் இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் நிற்கவில்லை. ஒரு கையில் அதை, மறு கையில் இதை என்று இரண்டையும் வைத்துக்கொண்டார். 1970 மே 4ஆம் திகதி ஒஹாயோ மாநிலத்தின் கென்ற் பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர்களைத் தேசியக் காவற்படை சுட்டுக் கொன்றபோது, சில வாரங்களுக்குள் 'ஒஹாயோ' என்ற பாட்டை எழுதி, குரொஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் ஆகியோரோடு பதிவு செய்து வெளியிட்டார். அதில் மின் கிற்றார்தான் குற்றஞ்சாட்டுகிறது.

முதலாவது அறுவடை

1970இல் கலிபோர்னியாவில் ஒரு பண்ணையை வாங்கினார். 24 வயது. பண்ணையைப் பார்த்துக்கொண்ட லூயி அவிலா என்ற முதியவருக்கு, இவ்வளவு இளம் பெடியனிடம் எப்படி இவ்வளவு காசு என்று ஆச்சரியம். அந்த உரையாடலிலிருந்து வந்ததுதான் 'ஓல்ட் மான்'. ஓர் இளைஞன் ஒரு முதியவரைப் பார்த்து, உனக்கும் எனக்கும் அவ்வளவு வித்தியாசமில்லை என்று சொல்கிற பாட்டு.

1971இல் இவருடைய முதுகு பழுதாகிப் போயிருந்தது. பண்ணையில் கனமான மரத்துண்டு ஒன்றைத் தூக்கப்போய் வந்த வினை. இடுப்புக்குப் பட்டி கட்டிக்கொண்டுதான் நடமாட்டம். பாரமான மின் கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்க முடியாது. இருந்தபடி, மின் இணைப்பில்லாத சாதாரண கிற்றாரை (அக்கூஸ்ரிக் என்கிறார்களே, அதை) வாசிக்கலாம். உடம்பு மறித்த இரண்டாவது தடவை இது.

அந்த நிலைமையில்தான் 1971 பெப்ரவரியில், ஜோனி காஷின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக நாஷ்வில் நகரத்துக்குப் போனார். அங்கே எலியட் மேசர் என்ற தயாரிப்பாளரைச் சந்தித்து, உடனேயே ஒரு ஸ்ரூடியோவில் பதிவு செய்யத் தொடங்கினார். கையில் கிடைத்த நாஷ்வில் வாத்தியக்காரரைக் கூட்டிக்கொண்டார்கள்: டிரம்ஸுக்குக் கென்னி பட்றி, பேஸுக்கு ரிம் ட்ரம்மண்ட், ஸ்ரீல் கிற்றாருக்குப் பென் கீத். பென் கீத்தை அதற்குமுன் நீலுக்குத் தெரியாது. அதே தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு வந்திருந்த லின்டா ரொன்ஸ்ராட்டும் ஜேம்ஸ் ரெய்லரும் பின்குரல் கொடுத்தார்கள். இந்தப் பெயர்களை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1972இல் 'ஹார்வெஸ்ட்' வெளிவந்தது. அமெரிக்காவில் அந்த வருசம் ஆகக்கூட விற்ற அல்பம் அதுதான். 'ஹார்ட் ஒவ் கோல்ட்' தரப்பட்டியலில் முதலாம் இடத்துக்குப் போனது. இன்றுவரை அமெரிக்காவில் இவருக்கு முதலாம் இடம் கிடைத்த ஒரே தனிப்பாட்டு அது. 26 வயதில், ஒரு கலைஞன் கனவு காண்கிற எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது.

தெருவோரப் பள்ளம்

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் எங்களுக்கு முதலில் நம்ப முடியவில்லை. இந்த மனிதர் அந்த வெற்றியிலிருந்து ஓடினார்.

காரணம் வெறும் சலிப்பு மட்டுமில்லை. 1972 நவம்பரில், அடுத்த இசைப்பயணத்துக்கான ஒத்திகையில், 'கிரேசி ஹோர்ஸ்' குழுவின் கிற்றார்க் கலைஞரும் நெருங்கிய நண்பருமான டானி விற்றன் போதைப்பொருளால் வாசிக்க முடியாத நிலையில் இருந்தார். நீல் அவரைக் குழுவிலிருந்து நிறுத்தி, கையில் 50 டொலரும் விமானச் சீட்டும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். அன்றிரவே விற்றன் இறந்துபோனார். அடுத்த வருசம், குழுக்களுக்கு வாத்தியங்களை ஏற்றி இறக்கி ஒழுங்கு செய்த புரூஸ் பெரி என்ற நண்பரும் போதையால் செத்துப்போனார்.

எல்லாரும் இன்னொரு 'ஹார்வெஸ்ட்' கேட்டுக்கொண்டு நின்றார்கள். இவரோ 'ருநைற்ஸ் த நைற்' என்ற அல்பத்தைப் பதிவு செய்தார். சுருதி பிசகும், குரல் உடையும், யாரோ ஒருவருடைய செத்தவீட்டில் இரவிரவாக இருந்து பாடுவதுபோல இருக்கும். அது 1973இல் பதிவானது, வெளிவந்தது 1975இல். பின்னாளில் தன்னுடைய தொகுப்பு ஒன்றுக்கு எழுதிய குறிப்பில் நீல் சொன்னார்: 'ஹார்ட் ஒவ் கோல்ட்' தன்னை வீதியின் நடுவில் கொண்டுபோய் விட்டதாம், அங்கே பயணம் செய்வது சீக்கிரம் சலித்துவிட்டதாம், அதனால் தெருவோரப் பள்ளத்துக்குள் இறங்கினாராம்.

பள்ளம் 1980களிலும் தொடர்ந்தது, வேறு விதமாக. 1978இல் பெகியைத் திருமணம் செய்தார். அந்த வருசம் பிறந்த மகன் பென்னுக்கு மூளை முடக்குவாதம், கடுமையான அளவில். வாய்ப்பேச்சு இல்லை, கைகால் இயக்கம் இல்லை. முதல் உறவில் பிறந்த மூத்த மகன் சீக்குக்கும் அதே நோய், கொஞ்சம் குறைந்த அளவில். அந்தக் காலத்தில் வெளிவந்த 'ட்ரான்ஸ்' அல்பத்தில் நீலின் குரல் இயந்திரத்துக்குள்ளால் போய், ரோபோ பேசுவதுபோல வருகிறது. இரசிகர்கள் முகம் சுளித்தார்கள். பேச முடியாத மகனோடு பேச முயல்கிற ஒரு தகப்பனின் கதைதான் அது என்று பல காலம் கழித்துத்தான் அவர் விளக்கினார். 1983இல் இவருடைய இசைத்தட்டு நிறுவனமான கெஃபன், நீ நீல் யங் மாதிரிப் பாடவில்லை என்ற தோரணையில் 33 இலட்சம் டொலர் கேட்டு வழக்கே போட்டது. பிறகு வழக்கைக் கைவிட்டார்கள். ஒரு பாடகன் தன்னைப் போலப் பாடவில்லை என்று வழக்கு! இசை வரலாற்றில் இதைவிடப் பெரிய பகிடி எங்களுக்குத் தெரியாது.

பென் மாதிரியான பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடைக்காததால் பெகி இன்னும் சிலரோடு சேர்ந்து 'பிரிட்ஜ் ஸ்கூல்' என்ற பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார். அதற்குக் காசு சேர்க்க 1986இல் ஓர் இசைநிகழ்ச்சி வைத்தார்கள். பிறகு 2016 வரை கிட்டத்தட்ட ஒவ்வொரு வருசமும் அது நடந்தது. வந்து பாடுகிறவர்கள் பெரும்பாலும் மின் இணைப்பில்லாமல்தான் பாடுவார்கள். பிள்ளைகள் மேடையின் பின்பக்கத்தில் சக்கர நாற்காலிகளில் இருந்து பார்ப்பார்கள். ஆக, இரைச்சல்காரர் என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே மெல்லப் பாடுவதற்கு இவருக்கு ஓர் இடம் இருந்தது. ரசிகர்கள் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை.

இரைச்சலின் உச்சி, பிறகு காது

1990இல் கிரேசி ஹோர்ஸோடு 'றாகெட் குளோரி' வந்தது. 1991 தொடக்கத்தில் அமெரிக்கா முழுக்க இசைப்பயணம். அது வளைகுடாப் போர் தொடங்கிய மாதம். ஒவ்வொரு நாளும் தொலைக்காட்சியில் பக்தாத் மீது குண்டு விழுகிறது. ஒவ்வோர் இரவும் மேடையில் இவர். பொப் டிலனின் பழைய சமாதானப் பாட்டொன்றை எடுத்து, குண்டுச் சத்தமும் சைரனும் சேர்த்து, கிற்றார் அலற அலறப் பாடினார். தனக்கு முன்பு வாசிக்க 'சொனிக் யூத்' என்ற, இரைச்சலையே இசையாக்கிய இளம் குழுவைக் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பயணத்தின் பதிவுதான் 'வெல்ட்'. பாட்டுகளின் தொடக்கத்திலும் முடிவிலும் வருகிற கிற்றார் ஊளைகளை மட்டும் வெட்டி ஒட்டியதுதான், நாங்கள் முதலில் சொன்ன 35 நிமிட 'ஆர்க்'.

அந்த வேலை முடிந்தபோது இவருடைய காது பழுதாகியிருந்தது. காதுக்குள் ஓயாத இரைச்சல். சின்னச் சத்தமே பெரிதாகக் குத்தும். பெரிய சத்தம் எதையும் கேட்க விரும்பாததால்தான் 'ஹார்வெஸ்ட் மூன்' செய்தேன் என்று பிறகு ஒரு நேர்காணலில் அவரே சொல்லியிருக்கிறார்.

ஆக, உடம்பு மூன்றாவது தடவையும் மறித்தது. 1971இல் முதுகு, அதிலிருந்து 'ஹார்வெஸ்ட்'. 1991இல் காது, அதிலிருந்து 'ஹார்வெஸ்ட் மூன்'. "வயசுபோய் ஓய்வெடுக்கிறார்" என்று எங்கள் நண்பர் சொன்னது இங்கேதான் பிழைக்கிறது. இது ஓய்வு இல்லை. ஒரு வழி அடைபட்டபோது, எது மிச்சம் இருக்கிறதோ அதைக் கொண்டு வேலை செய்தல்.

பழைய ஆட்களைத் திரும்பக் கூப்பிடுதல்

மெல்லிய பாட்டுத்தான் வேண்டுமென்றால் தனியாக ஒரு கிற்றாரோடு இருந்து பாடியிருக்கலாம். ஆனால் இவர் செய்தது வேறு. இருபது வருசத்துக்கு முதல் நாஷ்விலில் கூட இருந்தவர்களைத் தேடிக் கூப்பிட்டார். டிரம்ஸுக்கு அதே கென்னி பட்றி. பேஸுக்கு அதே ரிம் ட்ரம்மண்ட். ஸ்ரீல் கிற்றாருக்கு அதே பென் கீத். அவர் இந்தமுறை இணைத் தயாரிப்பாளரும். பின்குரலுக்கு அதே லின்டா ரொன்ஸ்ராட், அதே ஜேம்ஸ் ரெய்லர். 1978இன் 'கம்ஸ் எ ரைம்' அல்பத்தில் இவரோடு பாடிய நிக்கலெற் லார்சனும், அதில் வாசித்த ஸ்பூனர் ஓல்டமும் வந்தார்கள். நீலின் தங்கை அஸ்ட்ரிட் பாடினார். பதிவு நடந்தது பண்ணையிலிருந்த அவருடைய சொந்த ஸ்ரூடியோவில்.

இருபது வருசமாக எந்த வெற்றியிலிருந்து ஓடினாரோ, அதே பெயரோடு, அதே ஆட்களோடு, தானே நடந்து திரும்பிப் போகிறார். அந்த 26 வயதுப் பெடியனைப் பிரதி பண்ணுவதற்கு இல்லை. பள்ளத்துக்குள்ளால் போய் வந்த 46 வயது ஆள், தான் விட்டுவிட்டுப் போன வீட்டுக் கதவைத் தட்டுகிறார்.

அல்பத்தில் பத்துப் பாட்டு. முதலாவது 'அன்னோன் லெஜெண்ட்': உணவுக்கடையில் வேலை செய்த ஒரு பெண், பாலைவன வீதியில் மோட்டார் சைக்கிள் ஓடியவள், இப்போது பிள்ளைகளோடு வாழ்கிறவள். அவளைக் கவனிக்கப்படாத ஒரு காவியநாயகியாகப் பார்க்கிறது பாட்டு. பெகியும் ஒருகாலத்தில் பண்ணைக்குப் பக்கத்து உணவகத்தில் பரிமாறியவர்தான். 'ஃப்ரொம் ஹாங்க் ரு ஹென்ட்ரிக்ஸ்' கிராமிய இசையின் ஹாங்க் வில்லியம்ஸிலிருந்து ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வரை தான் நடந்த தூரத்தைச் சொல்லத் தொடங்கி, பிரிவின் விளிம்பில் நிற்கிற ஒரு தாம்பத்தியத்துக்கு வந்து நிற்கிறது. 'ஓல்ட் கிங்' செத்துப்போன நாய்க்கு ஒரு பாட்டு. உண்மையில் அந்த நாயின் பெயர் எல்விஸ்!

எல்லாமே தேன் என்று நினைக்க வேண்டாம். 'வார் ஒவ் மான்' போர் வரும்போது ஓடுகிற விலங்குகளைப் பற்றியது. வளைகுடாப் போருக்கு அடுத்த வருசம் இதைக் கேட்டவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. 'ட்ரீமின் மான்' இனிமையான மெட்டு. சொற்களைக் கவனித்தால் நெஞ்சு திக்கென்கிறது. வாகனத்துக்குள் துப்பாக்கியோடு இருந்து, ஒரு பெண்ணைப் பற்றிக் கனவு காண்கிற ஒரு தனியன் அதில் பேசுகிறான். தாலாட்டு மாதிரியான குரலில் இதைப் பாடுவது, கத்திப் பாடுவதைவிடப் பயங்கரம்.

சில குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். 'சச் எ வுமன்' பாட்டில் ஜாக் நிற்ஷே சேர்த்த வயலின் கூட்டம் பாட்டை அமுக்குகிறது என்பது எங்களில் பாதிப்பேரின் கருத்து. கடைசிப் பாட்டான 'நச்சுரல் பியூட்டி' பத்து நிமிடத்தைத் தாண்டிப் போகிறது. இயற்கையை அழிக்காதே என்ற செய்தி நல்லதுதான், ஆனால் இழுவை. அதோடு, MTVயின் 'அன்பிளக்ட்' நிகழ்ச்சியால் மின் இணைப்பில்லாத இசை அப்போது நல்லா விலைபோன சரக்கு என்பதையும் மறைக்கக் கூடாது. நீலும் 1993இல் அந்த நிகழ்ச்சியில் பாடினார். காது நோவும் காலத்தின் மோகமும் ஒரே நேரத்தில் வந்து பொருந்தின. கனடாவின் ஜூனோ விருதுகளில் 1994இன் சிறந்த அல்பமாக 'ஹார்வெஸ்ட் மூன்' தெரிவானது.

அந்த நிலா

'அறுவடை நிலா' என்பது சும்மா கவிதைக்காக வைத்த பெயர் இல்லை. வட நாடுகளில் இலையுதிர் காலம் தொடங்கும் நாளுக்கு, அதாவது செப்டெம்பர் 22, 23 அளவில் இரவும் பகலும் சமமாகிற நாளுக்கு, ஆகக் கிட்டவாக வருகிற பூரணை நிலாதான் அது. வழமையாக நிலா ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட 50 நிமிடம் பிந்தித்தான் உதிக்கும். அந்த நாட்களில், வடக்கே தூரமான இடங்களில், அந்த இடைவெளி நல்லாகக் குறைந்துவிடும். அதனால் தொடர்ந்து சில நாட்களுக்குச் சூரியன் மறைந்த கையோடு பெரிய நிலா வந்துவிடும். மின்சாரம் இல்லாத காலத்தில் விவசாயிகள் அந்த வெளிச்சத்தில் இரவிலும் அறுவடை செய்தார்கள். எங்கள் நாடு பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் இங்கே அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

இதை அறிந்தபிறகு பாட்டு எங்களுக்கு வேறு மாதிரிக் கேட்டது. பகல் முடிந்த பிறகும் வேலைக்குக் கிடைக்கிற கொஞ்ச வெளிச்சம் அது. பாட்டில் ஒரு கணவனும் மனைவியும் அந்த நிலாவின் கீழ் ஆடுகிறார்கள். புதிதாகக் காதலிக்கிறவர்கள் இல்லை, கனகாலம் சேர்ந்து வாழ்ந்தவர்கள். கிற்றாரில் கம்பியை அழுத்தாமல், விரலால் சும்மா தொட்டு எடுக்கிற மணிச்சத்தம் திரும்பத் திரும்ப வருகிறது. பின்னால் விளக்குமாறு. அதற்கான காணொளியில் நீலோடு ஆடுவது பெகியேதான்.

உலகத்தின் காதல் பாட்டுகளில் பெரும்பாலானவை சந்திப்பைப் பற்றியவை, அல்லது பிரிவைப் பற்றியவை. கூட இருந்துகொண்டே இருப்பதைப் பற்றிய பாட்டு குறைவு. அதில் கதை இல்லை, திருப்பம் இல்லை. கூட்டுகிற சத்தம் மாதிரி ஒவ்வொரு நாளும் ஒரே வேலை. அந்த விளக்குமாறு அங்கே தற்செயலாக வந்திருக்கலாம். ஆனால் அந்தப் பாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான வாத்தியம் எங்களுக்குத் தோன்றவில்லை.

எரிவதும் மிஞ்சுவதும்

1992 எந்த வருசம் என்பதையும் யோசியுங்கள். நிர்வானா, பேர்ள் ஜாம் எல்லாம் உலகத்தைப் பிடித்திருந்த வருசம். அந்தப் பெடியன்கள் கிற்றாரை அலற விட்ட விதத்துக்கு மூத்தவர் என்று நீல் யங்கைத்தான் பத்திரிகைகள் காட்டின. 'கிரஞ்ச் இசையின் ஞானத்தகப்பன்' என்று பட்டமும் கொடுத்தார்கள். இளைஞர்கள் அவருடைய இரைச்சலை எடுத்துக்கொண்ட அதே நேரத்தில் அவர் அதைக் கீழே வைத்தார்.

1979இல் நீலின் ஒரு பாட்டு வெளிவந்திருந்தது. மெதுவாக மங்கிப் போவதா, ஒரேயடியாக எரிந்து முடிவதா என்று கேட்டு, எரிவதன் பக்கம் சாய்கிற பாட்டு. 1994 ஏப்ரலில் நிர்வானாவின் கேர்ட் கோபேன் 27 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டபோது, விட்டுச்சென்ற கடிதத்தில் அந்தப் பாட்டின் வரி இருந்தது. அதற்குச் சற்று முன்னர்தான் கோபேனோடு பேச நீல் முயன்றிருந்தார், தொடர்பு கிடைக்கவில்லை. அது அவரை மிகவும் உலுக்கியது. அதே வருசம் வந்த 'ஸ்லீப்ஸ் வித் ஏஞ்சல்ஸ்' அல்பத்தில் அந்தத் துக்கம் இருக்கிறது.

ஒரு பாட்டால் ஒரு மனிதர் சாவதில்லை. நாங்கள் அப்படிச் சொல்லவும் மாட்டோம். ஆனால் எரிந்து போவதை அழகென்று சொல்கிற குரல் ரொக் இசையில் எப்போதும் உரத்துக் கேட்கிறது. எங்கள் வயதில் அது இலகுவாகப் பிடித்தும் போகிறது. அந்தப் பாட்டை எழுதிய கையே, இரண்டு நண்பர்களைப் போதையில் இழந்த கையே, பிறகு 'ஹார்வெஸ்ட் மூன்' எழுதியது என்பதை நாங்கள் சேர்த்து வைத்துப் பார்க்கிறோம். மிஞ்சியிருந்தால்தான் இருபது வருசம் கழித்துப் பழைய நண்பரைக் கூப்பிடலாம்.

பிறகு

நீலும் பெகியும் 2014இல் விவாகரத்துப் பெற்றார்கள், 36 வருசத்துக்குப் பிறகு. பெகி 2019 ஜனவரி 1ஆம் திகதி புற்றுநோயால் காலமானார். நிக்கலெற் லார்சன் 1997இல் போனார். கென்னி பட்றி 2004இல். பென் கீத் 2010இல். ரிம் ட்ரம்மண்ட் 2015இல். லின்டா ரொன்ஸ்ராட் நரம்பு நோயால் பாடும் குரலை இழந்துவிட்டதாக 2013இல் அறிவித்தார்.

அப்ப அந்தக் காதல் பாட்டு பொய்யா? எங்களுக்குள் இதில் வாக்குவாதம் நடந்தது. பெரும்பான்மைக்கு வந்த முடிவு, இல்லை என்பதே. அறுவடை நிலா நிரந்தரம் என்று யாரும் சொல்லவில்லை. அது சில இரவுகளுக்குத்தான். அந்த இரவுகளில் வேலை நடந்ததா என்பதுதான் கேள்வி. நடந்தது.

கடைசியாக ஒரு பாட்டு. அல்பத்தின் ஆறாவது, 'ஒன் ஒவ் தீஸ் டேய்ஸ்'. தனக்குத் தெரிந்த நல்ல நண்பர்கள் எல்லாருக்கும் இருந்து ஒரு நீண்ட கடிதம் எழுதப்போவதாக ஒருவர் சொல்கிறார். ஒருநாளைக்கு எழுதுவேன், நிச்சயம் எழுதுவேன் என்கிறார். பாட்டு முடியும்போதும் அவர் எழுதத் தொடங்கவில்லை.

நாலைந்து பேர் சேர்ந்திருந்து கேட்டோம் என்று தொடக்கத்தில் எழுதினோம். இதே குழுவில் மூன்று வருசத்துக்கு முதல் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். மிச்சப்பேர் இப்போது வேறு வேறு நாடுகளில், வேறு வேறு நேரங்களில் நித்திரை கொள்கிறார்கள். "மாமாமாரின் பாட்டு" என்று சொன்ன நண்பர்தான் அந்தப் பாட்டு முடிந்ததும் போனை எடுத்து, ரொறன்ரோவில் இருக்கிற ஒருத்தருக்கு நீளமாக ஏதோ எழுதத் தொடங்கினார். அங்கே அப்ப விடிகாலை நாலு மணி.

"எழும்பினாப் பிறகு வாசிக்கட்டும்" என்றார்.